முந்தி வந்தவை: நொக்கியாவின் திறன்பேசிகள் பற்றிய ஒரு மீள்நோக்கு

வென்றவரின் பக்கத்திலிருந்து எழுதப்படும் வரலாற்றிலே தோற்றவர் பெரும்பாலும் அறிவற்றவராகவே காட்சியளிப்பர். அரசர்களின் வரலாற்றுக்கு மட்டுமன்றிக் கருவிகளின் வரலாற்றுக்கும் இது பொருந்தும். பின்லாந்து நாட்டின் நொக்கியா நிறுவனம் பற்றி இன்று வழங்கும் கதை இத்தகையது. கையடக்கத் தொலைபேசித் துறையிலே உலகின் முதலிடத்தில் இருந்த அந்நிறுவனம், 2007 ஆம் ஆண்டு அப்பிள் நிறுவனம் ஐபோனைக் கொணர்ந்தபோது எதிர்காலம் இன்னதென அறியாது உறங்கிக் கிடந்தது என்பர். விழித்தபோது காலம் கடந்துவிட்டது என்பர். முகாமைத்துவ வகுப்புகளிலே எடுத்துக்காட்டாகச் சொல்வதற்கு இக்கதை வசதியானது. ஆனால், 1996 முதல் 2007 வரை அந்நிறுவனம் வெளியிட்ட கருவிகளை வரிசையாக எடுத்து நோக்கும் ஒருவர் இக்கதையை அப்படியே ஏற்றுக்கொள்வது கடினம். எதிர்காலத்தை அந்நிறுவனம் அறியாதிருக்கவில்லை. ஏனையோருக்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே அறிந்திருந்தது. அவ்வறிவு அதற்கு ஏன் பயன்படவில்லை என்பதே ஆராய்வதற்குரியது.

நொக்கியா என்பது ஓர் ஊரின் பெயர். 1865 ஆம் ஆண்டு தம்பெரே நகரின் ஆற்று வீழ்ச்சியருகே பிரெட்ரிக் இடெஸ்தாம் என்னும் சுரங்கப் பொறியியலாளர் மரக்கூழ் ஆலை ஒன்றை நிறுவினார். சில ஆண்டுகளின் பின் அயலிலுள்ள நொக்கியா என்னும் ஊரிலே இரண்டாவது ஆலை எழுந்தது. கடதாசியும் இறப்பர்ச் சப்பாத்தும் மின்கம்பியும் செய்துவந்த நிறுவனங்கள் 1967 இல் ஒன்றாயின. 1992 இல் யோர்மா ஒல்லிலா தலைமையேற்ற பின்னர் ஏனைய தொழில்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டுத் தொலைத்தொடர்பே எஞ்சியது. 1998 இல் உலகின் மிகப் பெரிய கையடக்கத் தொலைபேசி உற்பத்தியாளராக அது விளங்கிற்று. இவ்வரலாறு பலரும் அறிந்தது. இங்கு மனங்கொள்ள வேண்டியது, அது அடிப்படையிலே பொருள்களைச் செய்த நிறுவனம் என்பதேயாகும். ஒரு பொருளின் எடை, விலை, உறுதி என்பவற்றிலே அதற்கிருந்த கண்டிப்பு அந்த மரபின் வழி வந்தது எனலாம்.

1996 ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜேர்மனியின் ஹனோவர் நகரிலே நடைபெற்ற கண்காட்சியில் 'நொக்கியா 9000 கொம்யூனிகேற்றர்' காட்சிக்கு வைக்கப்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் விற்பனைக்கு வந்தது. மூடியிருக்கும்போது அது பருத்ததொரு தொலைபேசி. நீளவாட்டிலே புத்தகம்போல் விரித்தால், உள்ளே எழுத்து விசைகள் அனைத்தும் கொண்ட விசைப்பலகை ஒன்றும், அகலத்தில் 640 புள்ளிகளும் உயரத்தில் 200 புள்ளிகளும் கொண்ட நிறமற்ற திரையொன்றும் இருக்கும். எடை 397 கிராம். சட்டைப்பையில் இட்டால் சட்டை ஒருபுறம் இழுபடும். மேசைக் கணனிகளிலே அப்போது பழையதாகிவிட்ட இன்ரெல் 386 வகைச் செயலி அதனுள் 24 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் இயங்கிற்று. நினைவகம் மொத்தம் 8 மெகாபைட். ஜியோவேர்க்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஜியோஸ் என்னும் இயக்கமுறைமை அதை நடத்தியது. தொலைநகல் அனுப்பலாம், பெறலாம், மின்னஞ்சல் எழுதலாம், நாட்குறிப்பும் முகவரிப் புத்தகமும் வைத்துக்கொள்ளலாம், வினாடிக்கு 9,600 பிற் என்ற வேகத்தில், பொறுமையுள்ளவர் இணையப் பக்கங்களையும் பார்க்கலாம். 1997 இல் வெளியான 'த செயின்ற்' என்ற ஆங்கிலத் திரைப்படத்திலே கதாநாயகன் இக்கருவியைக் கையாள்வது பலருக்கு நினைவிருக்கும். திரையரங்கிலே அது மந்திரப் பொருள் போலத் தோன்றியது. உண்மையிலே அது வணிகரின் பெட்டிக்குள் இருந்த பொருளேயாகும்.

இக்கருவியை இன்று கையிலெடுப்போர் அதன் பருமனைக் கண்டு சிரிப்பதுண்டு. சிரிப்புக்குரியது பருமனன்று. அதன் அமைப்பே கூர்ந்து நோக்கற்பாலது. வெளிப்புறத்திலே இலக்கப் பொத்தான்களும் சிறு திரையுமாக ஒரு முழுத் தொலைபேசி. உட்புறத்திலே ஒரு முழுக் கணனி. இரண்டும் ஒரு பிணைச்சலால் ஒன்றாக்கப்பட்டிருந்தன. தொலைபேசி தொலைபேசியாகவே இருந்தது. கணனி அதனோடு சேர்க்கப்பட்டது. இந்த எண்ணம், அதாவது தொலைபேசி முதன்மையானது, ஏனையவை அதன்மேல் ஏற்றப்படுபவை என்னும் எண்ணம், அந்நிறுவனத்தின் பின்வந்த கருவிகள் பெரும்பாலானவற்றிலே வெவ்வேறு வடிவங்களில் தொடர்ந்தது.

1998 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே சையன், எரிக்சன், மொட்டோரோலா, நொக்கியா ஆகிய நான்கும் சேர்ந்து இலண்டனிலே சிம்பியன் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. சையன் என்பது சட்டைப்பைக் கணனிகள் செய்த பிரித்தானிய நிறுவனம். அதன் 'ஈபொக்' மென்பொருளே சிம்பியனின் வித்து. இம்மென்பொருளின் பிறப்பு பற்றிச் சிறிது விரித்துரைத்தல் தகும், ஏனெனில் பின்னர் நிகழ்ந்தவற்றின் விளக்கம் பெருமளவுக்கு இங்கேதான் உள்ளது. 1997 இல் வந்த 'சையன் 5' கணனி இரண்டு சிறு பற்றரிகளிலே பல மணி நேரம் இயங்க வேண்டியிருந்தது. நினைவகமோ மிகச் சொற்பம். மாதக்கணக்கில் நிறுத்தப்படாமல் இயங்கும் கருவியாதலின், ஒரு சிறு நினைவுக் கசிவும் காலப்போக்கிலே அதை முடக்கிவிடும். ஆகவே ஒவ்வொரு பைற்றையும் எண்ணிச் செலவிடும் முறையிலே அம்மென்பொருள் எழுதப்பட்டது. எழுத்துத் தொடர்களைக் கையாள்வதற்குத் தனி முறை, தவறு நேர்ந்தால் நினைவகத்தைத் துப்புரவாக்குவதற்குத் தனி அடுக்கு, ஒரே நேரத்திற் பல வேலைகளைச் செய்வதற்குத் தனி ஒழுங்கு என அனைத்திலும் சிக்கனம். வறிய வீட்டுத் தாய் அரிசியை அளப்பதுபோல அளந்து எழுதினர். அக்காலத்துக்கு அது பெருந்திறமை. இம்முறைகளைக் கற்றுத் தேர்வதற்குப் புதிய நிரலாளர் பட்ட பாடும் பெரிது.

2000 ஆம் ஆண்டின் இறுதியில் அறிவிக்கப்பட்டு மறு ஆண்டு வெளிவந்த 9210 கொம்யூனிகேற்றர் சிம்பியனைக் கொண்டிருந்தது. திரை வண்ணத் திரையாயிற்று. எடை 244 கிராமாகக் குறைந்தது. ஆயினும் பிணைச்சல் இருந்த இடத்திலேயே இருந்தது.

பொதுமக்களின் கைக்குத் திறன்பேசி வந்தது 7650 உடன் எனல் பொருந்தும். 2001 நவம்பரில் அறிவிக்கப்பட்ட இக்கருவி 2002 இல் கடைகளுக்கு வந்தது. நொக்கியாவின் தொலைபேசிகளிலே கமராவை உள்ளமைத்து வந்தது இதுவே முதல். சிம்பியனின்மேல் 'சீரிஸ் 60' என்ற முகப்பைக் கொண்டு வந்ததும் இதுவே முதல். கமராவின் படம் 640 க்கு 480 புள்ளிகள். உள்ளே சேமிப்பதற்கு 4 மெகாபைட் இடம் மட்டுமே. நினைவட்டை இடும் வசதி கிடையாது. கீழ்ப்பாகத்தை இழுத்தால் இலக்கப் பொத்தான்கள் வெளிவரும். இழுக்காவிடின் நடுவிலுள்ள சிறு நெம்பினாலேயே பெரும்பாலான காரியங்களை முடித்துக்கொள்ளலாம். ஒற்றைக் கையின் பெருவிரல் ஒன்றே போதும் என்ற அந்த எண்ணம் அருமையானது. பேருந்தின் கம்பியை ஒரு கை பற்றியிருக்க மறுகையால் செய்தி எழுதுபவரை நினைத்தே அது செய்யப்பட்டது போலும். பிற்காலத்துப் பெருந்திரைக் கருவிகள் இழந்த நன்மைகளுள் இதுவும் ஒன்று.

அடுத்து வந்த 3650 இன் இலக்கப் பொத்தான்கள் பழைய சுழல்தட்டுத் தொலைபேசி போல் வட்டமாக அடுக்கப்பட்டிருந்தன. அழகுக்காகச் செய்யப்பட்ட அந்த ஒழுங்கு விரலுக்குப் பெருந்தொல்லையாயிற்று. 2003 இல் வந்த 6600 அத்தகைய விளையாட்டுகளைத் தவிர்த்து, உருண்டு திரண்ட வடிவிலே, நினைவட்டையோடும் புளூடூத்தோடும் வந்து தெற்காசியாவிலும் பெருவழக்குப் பெற்றது. மக்கள் அதிலே பாட்டும் படமும் மென்பொருளும் ஏற்றினர். ஒருவர் கருவியிலிருந்து மற்றவர் கருவிக்குக் கம்பியின்றி அனுப்பினர். 2004 ஆம் ஆண்டு 'கபிர்' என்ற முதலாவது கையடக்கத் தொலைபேசிப் புழு தோன்றியதும் இந்த சீரிஸ் 60 கருவிகளை நோக்கியே. அது திருட்டுத்தனமாக நுழையவில்லை. புளூடூத் வழியே வந்து, ஏற்கலாமா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தியவரின் கருவியிலேயே குடிபுகுந்தது. கிருமி தொற்றும் அளவுக்கு அது கணனியாகிவிட்டது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்றிதழை எந்த ஆய்வுகூடமும் வழங்கியிருக்க இயலாது.

இதே ஆண்டுகளிலே வேறு முயற்சிகளும் நிகழ்ந்தன. 2003 ஒக்டோபரில் வந்த 'என்-கேஜ்' விளையாட்டுக் கருவியும் தொலைபேசியும் ஆனது. விளையாட்டை மாற்றுவதற்குப் பற்றரியைக் கழற்ற வேண்டும். கதைப்பதற்கோ கருவியின் விளிம்பைக் காதிலே பொருத்த வேண்டும். நகைப்புக்கு இலக்காகி அது மறைந்தது. 2004 இன் இறுதியில் அறிவிக்கப்பட்ட 7710, அகன்ற தொடுதிரையோடு வந்தது. 2005 இல் வந்த '770' என்ற பலகைக் கருவி லினக்ஸ் அடிப்படையிலே இயங்கிற்று; அது தொலைபேசியன்று. ஐபோன் தோன்றுவதற்கு ஈராண்டு முன்னரே தொடுதிரைத் திறன்பேசியும், தொடுதிரைப் பலகையும் அந்நிறுவனத்தின் கையில் இருந்தன என்பது பலராலும் மறக்கப்படுகின்றது. மறந்தவருள் அந்நிறுவனமும் ஒன்று என்று சொல்லத் தோன்றுகின்றது.

இனி என்-95. 2006 செப்டெம்பரில் அறிவிக்கப்பட்டு 2007 மார்ச் மாதத்தில் விற்பனைக்கு வந்த இக்கருவியையும், அதே ஆண்டு ஜூன் 29 இல் அமெரிக்காவிலே விற்பனைக்கு வந்த ஐபோனையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. என்-95 இன் கமரா கார்ல் சைஸ் வில்லையுடன் 50 இலட்சம் புள்ளிகளில் படம் பிடித்தது. ஐபோனுடையது 20 இலட்சம். என்-95 அசையும் படமும் எடுத்தது. முதல் ஐபோன் எடுக்கவில்லை. செயற்கைக்கோளைக் கொண்டு இடமறியும் ஜி.பி.எஸ். வசதி என்-95 இல் இருந்தது, ஐபோனில் இல்லை. மூன்றாம் தலைமுறை வலையமைப்பு என்-95 இல் இருந்தது, ஐபோனில் இல்லை. பிறர் எழுதிய மென்பொருளை என்-95 இல் நிறுவலாம். முதலாண்டு ஐபோனிலே அதற்கு அனுமதியில்லை. பட்டியலிட்டுப் புள்ளியிடும் எந்தப் பரீட்சகரும் என்-95 க்கே முதலிடம் அளித்திருப்பார். அன்று பலர் அவ்வாறே அளித்தனர்.

ஆனால் அந்தப் பட்டியலிலே இடம்பெறாத செய்திகளும் உண்டு. என்-95 இன் திரை 2.6 அங்குலம், அது தொடுதிரையன்று. ஒருபுறம் தள்ளினால் இலக்கப் பொத்தான்கள். மறுபுறம் தள்ளினால் பாட்டுக்கான பொத்தான்கள். பற்றரியின் கொள்ளளவு 950 மில்லி அம்பியர் மணி, ஜி.பி.எஸ். வசதியை இயக்கியவர் மாலையிலே மின்செருகியைத் தேடினார். இயங்கு நினைவகம் 64 மெகாபைட். அதிலும் பயனருக்கு எஞ்சியது மூன்றிலொரு பங்களவே. இரண்டு மூன்று மென்பொருள்களைத் திறந்தால் கருவி தயங்கிற்று. எல்லாவற்றிலும் குறிப்பிடத்தக்க செய்தி ஒன்றுண்டு. கருவி சாய்வதை உணரும் உணரி என்-95 இனுள்ளே இருந்தது. ஒளிப்படம் நிமிர்ந்திருக்கின்றதா கிடக்கின்றதா என அறிவதற்கும் அசையும் படத்தின் நடுக்கத்தைக் குறைப்பதற்குமே அது வைக்கப்பட்டது. கருவியைத் திருப்பினால் திரையும் திரும்ப வேண்டும் என்னும் எண்ணம் அதைச் செய்தோருக்குத் தொடக்கத்தில் எழவில்லை. வெளியிலுள்ள ஆர்வலர் அதைக் கண்டுகொண்டு சிறு மென்பொருள்களை எழுதிய பின்னரே அவ்வுணரியின் பயன் வெளிப்பட்டது. ஐபோனிலோ அதே உணரி முதல் நாளிலேயே, கடையிலே கருவியைக் கையிலெடுத்த சிறுவனுக்கும் புலப்படும்படி, திரையைச் சுழற்றிக் காட்டிற்று.

இதை வெறும் கற்பனைக் குறைவு என்று ஒதுக்கிவிடுதல் எளிது, நியாயமன்று. நொக்கியாவின் பலம் யாது? ஆண்டுதோறும் எண்ணற்ற மாதிரிகளை, ஒவ்வொரு விலைக்கும் ஒவ்வொரு கைக்கும் ஏற்றவாறு, மலிவாகவும் பழுதின்றியும் செய்து உலகெங்கும் சேர்ப்பித்தது. அதற்கு வேண்டிய குணங்கள் சிக்கனமும் பல்வகைமையும். ஒரு நினைவகச் சில்லிலே ஒரு யூரோவை மிச்சப்படுத்தினால் கோடிக்கணக்கான கருவிகளிலே அது கோடிக்கணக்கான யூரோவாகும். சாதாரண தொலைபேசிக்கு இக்கணக்கு முற்றிலும் சரி. திறன்பேசிக்கோ, இன்று மிச்சப்படுத்திய நினைவகம் நாளை புதிய மென்பொருள் ஏறமுடியாத முட்டுச்சுவராயிற்று. மாதிரிகள் பெருகப் பெருக முகப்புகளும் பெருகின: சீரிஸ் 60, சீரிஸ் 80, சீரிஸ் 90. ஒன்றுக்கு எழுதியது மற்றொன்றிலே இயங்காது. சீரிஸ் 60 இன் மூன்றாம் பதிப்பு வந்தபோது, முன்னைய பதிப்புகளுக்கு எழுதப்பட்ட மென்பொருள்களும் அதிலே இயங்காதொழிந்தன. 6600 க்கு உழைத்து எழுதிய நிரலாளர் என்-95 க்கு மீண்டும் உழைக்க வேண்டியதாயிற்று. அதனோடு, பாதுகாப்பின் பொருட்டுக் கையொப்பச் சான்று பெறும் நடைமுறையும் சேர்ந்துகொண்டது. இரண்டு சிறு பற்றரிகளுக்காக அளந்தெழுதிய அந்தப் பழைய சிக்கனம், பற்றரியும் நினைவகமும் பெருகிய காலத்திலே, எழுதுவோருக்குச் சுமையாக மாத்திரம் எஞ்சியது. எந்தத் திறமை நொக்கியாவை உயர்த்தியதோ அதுவே அதன் காலிலும் கிடந்தது.

2007 இல் உலகிலே விற்ற திறன்பேசிகளுள் ஏறக்குறையப் பாதி நொக்கியாவினுடையவை என்பதையும் சேர்த்தே இதனை எண்ணிப்பார்க்க வேண்டும். பாதி உலகம் வாங்கும் பொருளைத் தவறென்று சொல்லிக் கைவிடும் துணிவு எந்த நிறுவனத்தின் கணக்காளருக்கும் வாய்ப்பதில்லை.

பின்னர் நிகழ்ந்தவை விரைவாகச் சொல்லத்தக்கவை. 2008 இல் சிம்பியன் முழுவதையும் நொக்கியாவே வாங்கிற்று. அவ்வாண்டு ஒக்டோபரில் அறிவிக்கப்பட்ட 5800 தொடுதிரையோடு வந்தது. அத்திரை விரலின் அழுத்தத்தை வேண்டியது. கூடவே கித்தார் மீட்டும் தகடு போன்ற சிறு துண்டொன்றும் பெட்டியில் இருந்தது. லினக்ஸ் வழிவந்த என்-900 ஆர்வலரின் அன்பைப் பெற்றது. 2010 செப்டெம்பரில் மைக்ரோசொப்ட் நிறுவனத்திலிருந்து வந்த ஸ்டீபன் ஈலொப் தலைமையேற்றார். 2011 பெப்ரவரியில், எரியும் எண்ணெய் மேடையிலே நிற்பவனாக நிறுவனத்தை உவமித்து அவர் ஊழியருக்கு எழுதிய மடல் வெளியே கசிந்தது. அதே மாதம் 11 ஆம் திகதி விண்டோஸ் போனே இனி வழி என அறிவிக்கப்பட்டது. சிம்பியன் கருவிகள் அப்போதும் கடைகளிலே இருந்தன. விற்பவனே இறந்துவிட்டதென அறிவித்த பொருளை வாங்குவோர் குறைந்தமை வியப்பன்று. அவ்வாண்டு ஜூனில் அறிவிக்கப்பட்ட என்-9, முகப்புப் பொத்தான் எதுவுமின்றி, விளிம்பிலிருந்து விரலை இழுத்தாலே போதுமென அமைந்திருந்தது. பிற்காலத்துத் திறன்பேசிகள் பலவும் அந்த வழக்கத்துக்கே வந்து சேர்ந்தன. வெளிவருமுன்பே வாரிசுரிமை மறுக்கப்பட்ட பிள்ளை அது. மீண்டும் ஒருமுறை முந்தி வந்தது, மீண்டும் பயனில்லை. 2012 இல் வந்த 808, 4 கோடியே 10 இலட்சம் புள்ளிகள் கொண்ட கமராவோடு, சிம்பியனின் கடைசிக் கருவியாயிற்று. 2013 செப்டெம்பரில் கைத்தொலைபேசித் தொழிலை, காப்புரிமைகளுக்கான அனுமதியோடு, 544 கோடி யூரோவுக்கு மைக்ரோசொப்ட் வாங்குவதாக அறிவிக்கப்பட்டது. 2014 ஏப்பிரலிலே கைமாற்றம் நிறைவுற்றது. 2015 இல் மைக்ரோசொப்ட் அக்கொள்வனவின் பொருட்டு 760 கோடி டொலரை நட்டமாகக் கணக்கெழுதிற்று.

இக்கதையைத் தலைவர்களின் தீர்மானங்களாக மட்டும் சொல்வது வழக்கமாகிவிட்டது. உழைத்தோரின் பக்கமிருந்து பார்ப்பின் காலக்கணக்கே வேறாகும். ஜேர்மனியின் போகும் நகரிலிருந்த தொழிற்சாலை 2008 இல் மூடப்பட்டு ஏறக்குறைய 2,300 பேர் வேலையிழந்தபோது நொக்கியா தோற்றுக்கொண்டிருக்கவில்லை. சந்தையின் உச்சியில் இருந்தது. வேலை ருமேனியாவின் குளூஜ் நகரருகே சென்றது. மூன்றாண்டுகளில் அத்தொழிற்சாலையும் மூடப்படுமென அறிவிக்கப்பட்டது. 2012 இல் பின்லாந்தின் சலோ நகரிலே உற்பத்தி நின்றது. அந்நகரின் வாழ்வே அத்தொழிற்சாலையை நம்பியிருந்தது. சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் இயங்கிய ஆலை பெரும்பாலும் மலிவான தொலைபேசிகளைச் செய்தது. சுற்றுவட்டாரங்களிலிருந்து வந்த இளம் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கு வேலை செய்தனர். வரி வழக்கொன்றின் காரணமாக அது மைக்ரோசொப்டுக்குக் கைமாறவில்லை. 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஐபோன்களுக்கு மின்னேற்றி வழங்கும் சல்கொம்ப் நிறுவனம் அதை எடுத்துக்கொள்ளவிருப்பதாக 2019 இல் இந்திய அரசு அறிவித்தது. ஒரு கருவி மற்றொன்றை வென்ற செய்தி ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து சேர்ந்த வகை இது.

கருவிகளின் நிலை யாது? சிம்பியனுக்கான மென்பொருள்களைப் புதிதாக ஏற்பதும் திருத்துவதும் 2014 ஜனவரி முதலாந் திகதியோடு நிறுத்தப்பட்டன. இன்று ஒரு பெட்டகத்தின் அடியிலிருந்து என்-95 ஒன்றை எடுத்து, பற்றரி வீங்காதிருப்பின் மின்னேற்றி இயக்கினால், முதலில் அது நாளையும் நேரத்தையும் கேட்கும். கம்பியில்லா வலையமைப்பைக் கண்டுபிடிக்கும். இன்றைய இணையத்தளங்கள் வேண்டும் பாதுகாப்பு முறைகள் அதற்குத் தெரியாதாகையால் அவற்றுள் பெரும்பாலானவை திறவா. பின்புறத்திலே கமராவின் மூடியைப் பெருவிரலால் தள்ளினால் மட்டும் அது உடனே விழித்துக்கொள்ளும்; வில்லை முன்பின் அசைந்து குவியும்; படம் பிடிபடும். படம் தெளிவாகவே இருக்கும். அதை வெளியே எடுப்பதற்கு மினி யூ.எஸ்.பி. கம்பியொன்று தேடவேண்டும்.